பெயிலானால் கல்யாணம்

என் உயிரான விஜயாக்கா,

நீ இருக்கிற இடத்தில் வெயில் எப்படி? இங்கே தை பிறந்தும் மதுரையில் மத்தியானம் தகிக்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் உன்னிடம் நான் என்றைக்குப் பொய் சொல்லித் தப்பித்திருக்கிறேன்? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஆடி மாதத்திலிருந்து பயந்துகொண்டேதான் சாப்பிடுகிறேன், பஸ் ஏறுகிறேன், தலை பின்னிக்கொள்கிறேன்.

முதலில் உமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ அவளை மூன்று நாள்தான் பார்த்தாய். இப்போது ஒன்றரை வயது. கோபம் வந்தால் உன்னை மாதிரியே கீழ் உதட்டைத் துருத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். அத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் உசிலம்பட்டி உரக்கடையைப் பூட்டிவிட்டு பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிறார். அவர் சட்டையில் யூரியா வாசம் இன்னும் போகவில்லை.

நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியாததா? பெயிலானால் கல்யாணம். எஸ்.எஸ்.எல்.சி.யில் உனக்குக் கணக்கு போனதும், அந்த வாரமே அப்பா ஜாதகத்தை எடுத்துத் தூசி தட்டினார். இன்னொரு தடவை எழுதுகிறேன் என்று நீ அழுதாய். "பொம்பளப் பிள்ளைக்கு ரெண்டாந்தடவ என்னத்தா" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். பெயிலானாய், கல்யாணமானாய், பிள்ளை பெற்றாய், செத்துப்போனாய். கோபித்துக்கொள்ளாதே. எனக்கு அப்படித்தான் வரிசையாகத் தெரிகிறது.

என்னைக் காலேஜில் சேர்த்தது நீதான். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தவள், அப்பா எனக்கு அப்ளிகேஷன் வாங்கிவந்தால்தான் சோற்றில் கை வைப்பேன் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாய். வயிற்றுப் பிள்ளைக்காரி பட்டினி கிடந்தால் எந்த வீடு தாங்கும்? அப்பா தல்லாகுளம் ஆபீஸில் பாதி நாள் லீவு போட்டுவிட்டு ஓடினார். நீ கேட்டதில் அவர் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்படிச் சேர்ந்த பி.எஸ்ஸி. கணக்கில், இரண்டாம் வருஷம் ஒரு பேப்பர் வந்தது. பல மாறிகளின் நுண்கணிதம்.  அதுவரைக்கும் ஒரு எக்ஸ் மாறும், அதற்குத் தகுந்தாற்போல் ஒரு ஒய் மாறும். இப்போது எக்ஸும் மாறும், ஒய்யும் மாறும், இரண்டையும் நம்பி இன்னொன்றும் மாறும். அதற்கென்று டி எழுத்தை வளைத்து எழுதுகிறார்கள். பார்த்தால் தலை குனிந்துகொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். எங்கள் கோமதி மிஸ் முதல் வகுப்பில், "இட்லி மேல ஒரு எறும்பு நிக்குதுன்னு வச்சுக்கங்க" என்று ஆரம்பித்தார். எறும்பு கிழக்கே மட்டும் போனால் எவ்வளவு இறங்கும், வடக்கே மட்டும் போனால் எவ்வளவு ஏறும். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த எறும்பை நினைத்தே பதறியது.

அந்த இட்லிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அதைக் குறுக்காக நறுக்கிக் கூட்டலாம், நெடுக்காக நறுக்கியும் கூட்டலாம். ஆனால் நறுக்குகிற திசையை மாற்றினால், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்கிற எல்லைகளும் மாறிப்போகும். அதனால் முதலில் இடத்தைப் படம் போட்டுப் பார்க்கச் சொல்வார் மிஸ். முதல் டெஸ்டில் நான் படம் போடவில்லை. வெளியே இருந்த எல்லையை உள்ளேயும் உள்ளே இருந்ததை வெளியேயும் தூக்கிப்போட்டு, மளமளவென்று ஒரு பக்கம் எழுதினேன். எண்ணாக வர வேண்டிய விடையில் ஒரு எக்ஸ் நின்றது. நான் அதையும் சேர்த்து அடியில் இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

மிஸ் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "சாந்தி, இந்த எக்ஸ் எம்புட்டும்மா?" என்றார்.

"தெரியல மிஸ்."

"தெரியாத ஒண்ண விடையில வச்சுட்டு, அதுக்கு ரெண்டு கோடு வேற."

வகுப்பே சிரித்தது. நூற்றுக்குப் பதினெட்டு. அந்தப் பேப்பரோடு நான் வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் உன் முதல் தெவசம். படையல் முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது உன் மாமியார் பேச்சை எடுத்தார்கள்.

"வாரவ வேத்தாளா இருந்தா பிள்ளையப் பாப்பாளா? சின்னவளக் குடுத்துருங்க அண்ணே. ஒரே ரத்தம். பிள்ளையும் தாயில்லாம ஏங்காது."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். மறுக்கிற அழுகையா, சரி என்கிற அழுகையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அப்பா வெகுநேரம் பாக்கை மென்றார். அப்புறம் நம் வீட்டுச் சட்டத்தை எடுத்து வைத்தார். "இந்தப் பரீட்ச முடியட்டும் தங்கச்சி. எல்லாப் பேப்பரும் பாஸாயிட்டான்னா படிக்கட்டும். ஒண்ணு அரியர் விழுந்தாலும் தை மாசம் முகூர்த்தம் பாத்துருவோம்."

"பாஸாயிட்டா எங்களுக்கு எழுமலையில ஒரு பொண்ணு இடம் இருக்கு" என்றார்கள் உன் மாமியார். "பிள்ள எங்க வீட்டுக்கு வந்துரும். அம்புட்டுத்தான்."

அத்தான் வாசலில் உமாவைத் தோளில் வைத்துக்கொண்டு சைக்கிள் மணியை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. என்னையும்தான்.

இப்போது புரிகிறதா அக்கா, என் பயம்? பெயிலானால் உன் கொடியில் என் சேலை காயும். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அதே ஆஸ்பத்திரிக்கு என்னையும் ஒருநாள் தூக்கிக்கொண்டு போவார்கள். பாஸானால் உமா போய்விடுவாள். மிஸ் ஒருநாள் பொரித்த அப்பளத்தின் நடுவைக் காட்டி, இந்தப் பக்கமாகப் பார்த்தால் பள்ளம், அந்தப் பக்கமாகப் பார்த்தால் மேடு, நிற்கிற இடம் மட்டும் சமமாகத் தெரியும் என்றார். பாடத்திலேயே எனக்கு உடனே விளங்கியது அது ஒன்றுதான்.

படிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பயந்தவளுக்குச் சும்மா இருக்க வருமா? தினமும் சாயங்காலம் சமையலறைத் தரையில் சாக்பீஸால் எல்லைகளைப் போட்டுப் பார்ப்பேன். ஒரு வளைகோடு, ஒரு நேர்கோடு, நடுவில் அகப்படுகிற இடம். உமா தத்தித்தத்தி வந்து சரியாக அந்த இடத்துக்குள் உட்கார்ந்துகொள்வாள். அவள் பாவாடையெல்லாம் சுண்ணாம்பு. "பிள்ளையப் பலகை தொடைக்கிற துணியாக்கிட்டியே" என்று அம்மா திட்டுவாள். அவளைச் சுற்றித்தான் நான் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டேன். அப்படித்தான் எனக்கு அந்தக் கணக்கு வந்தது.

பரீட்சையில் கட்டாயக் கேள்வியாக அதுவே வந்துவிட்டது. தொகையிடும் வரிசையை மாற்று. நான் படம் போட்டேன். வளைகோடு, நேர்கோடு. நடுவில் இடம் காலியாக இருந்தது. எனக்குக் கை ஓடவில்லை அக்கா. இதை விட்டால் அரியர் நிச்சயம். அரியர் விழுந்தால் உமா என்னிடம் இருப்பாள். எழுதுவதை எழுதாமல் விடுவது எவ்வளவு சுலபம்? மை தீர்ந்துபோச்சு என்று சொன்னால் போதும். மேற்பார்வைக்கு நின்ற வேறொரு மிஸ், கூடுதல் தாள் கட்டுகிற நூலை என் டெஸ்க்கில் போட்டுவிட்டு, "என்ன பாப்பா, முடிச்சுட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல மிஸ்" என்றேன். எழுதினேன்.

தைரியத்தால் எழுதினேன் என்று நினைத்துவிடாதே. படிப்பின் மேல் இருந்த ஆசையாலும் இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், நீ படுத்திருந்த அறையிலிருந்து ஒரு ஆயா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் என்ன இருந்தது என்று நான் பார்த்துவிட்டேன். அந்த வாளிதான் என்னை எழுத வைத்தது. உன் பிள்ளை மேல் வைத்த பிரியத்தை விட என் சாவு மேல் வைத்த பயம் பெரிதாக இருந்தது. விடை வெறும் எண்ணாக வந்தது. சரிதான் என்று கோடு போடும்போதே தெரியும்.

போன வாரம் ரிசல்ட் ஒட்டினார்கள். எல்லாப் பேப்பரும் பாஸ். அப்பா அரைக்கிலோ அல்வா வாங்கி வந்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்றியும்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். காப்பி கொடுக்கும்போது நிமிர்ந்து பார்க்காமல், "பாஸாயிட்டியாமே, நல்லது" என்றார். பிறகு டம்ளரை உருட்டிக்கொண்டே, "நீ பாஸாகணும்னுதான் நானும் வேண்டிக்கிட்டிருந்தேன். உங்க வீட்டுலருந்து இன்னொருத்தியக் கூட்டிக்கிட்டு அந்த ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்க எனக்குத் தெம்பு இல்ல சாந்தி" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது. எழுமலைப் பெண்ணுக்கு வயிறு இல்லையா? அவளோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க மட்டும் இவருக்குத் தெம்பு வந்துவிடுமா? அந்தப் பெண் எதில் பெயிலானாளோ, யாருக்குத் தெரியும்? கேட்கவில்லை. பயந்துபோயிருக்கிற மனிதரிடம் என்ன கேட்பது?

அத்தானுக்கு மாசியில் கல்யாணம். அது முடிந்து ஒரு வாரத்தில் உமாவை அழைத்துக்கொண்டு போவார்கள். அங்கே நடுச்சாமத்தில் முழித்துக்கொண்டால் யார் முதுகைத் தடவுவார்கள் என்று நினைத்தால், எனக்குப் பழைய பயமே தேவலாம் போலிருக்கிறது.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு அக்கா. கார்த்திகையிலிருந்து அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. தானாக வந்தது. நம் அம்மா கேட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை. நானும் திருத்தவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வார்த்தையோடு அவளை அனுப்பினால், போகிற இடத்தில் என்னைத் தேடி அழுவாள். புதிதாக வருகிறவளிடம் ஒட்டவே மாட்டாள். அதனால் உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். மாசி வருகிறவரைக்கும், அவள் என்னை அம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். சித்தி என்று சொன்னால்தான் தூக்குவேன். இன்று காலையில் ஆரம்பித்துவிட்டேன். வெகுநேரம் அழுதாள். அப்புறம் சொன்னாள்.

உன் தங்கச்சி,
உமாவுக்குச் சித்தி,
சாந்தி