இங் ஒட்டாத சொற்கள்

மார்ச் 4
மறுபடியும் தேறவில்லை. கணவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "ஐ ஆம் லவிங் மை ஹஸ்பண்ட். ஐ ஆம் நீடிங் ஹிம்" என்றேன். தேர்வு நடத்திய அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு குறித்தாள்.

இந்த ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறாமல் விசா கிடையாது. அவரோ தொழிற்சாலை எந்திரத்தில் கால் நசுங்கி, அந்நிய ஊர் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்கிறார்.

மார்ச் 5
நாத்தனார் டுடோரியலில் ஆங்கிலம் எடுப்பவள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஓடறது, தைக்கிறது எல்லாம் செய்யற வேலை, அண்ணி. லவ், நீட், வாண்ட் எல்லாம் மனசுல இருக்கற நிலை. அதுக்கு 'இங்' ஒட்டாது. 'என் புருஷனை எனக்குப் பிடிச்சுக்கிட்டிருக்கு'ன்னு தமிழ்ல சொல்வீங்களா?"

சிரித்துவிட்டேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 9
கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கும்போதும் வாயில் ஐ நோ, ஐ வாண்ட், ஐ பிலீவ். "யாருக்கும்மா மந்திரம் போடுற?" என்றார் சூப்பர்வைசர்.

மார்ச் 12
அவரே போன் செய்தார். "முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. நீ வராத. என்னை இப்படிப் பாக்க வேணாம்." வைத்துவிட்டார்.

எப்படி வராம இருப்பேன்? இந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது—

மார்ச் 13
போனை எடுக்கவில்லை.

மார்ச் 14
எடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறாரா? யாரைக் கேட்பேன், எந்த மொழியில் கேட்பேன்? நாத்தனார்தான் வார்டுக்குப் பேசினாள். "சுவரைப் பாத்தே படுத்திருக்காராம், அண்ணி."

மார்ச் 20
மறுபடி தேர்வு. அதே கேள்வி. படித்ததெல்லாம் பறந்துவிட்டது. அவருக்குக் கால் போனதையும், என்னை வராதே என்றதையும் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டினேன்.

"பிறகு ஏன் போகிறீர்கள்?" என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஹி பிலாங்ஸ் டு மீ" என்றேன். அந்தச் சொல்லை எங்கே கற்றேன் என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 2
தேறிவிட்டேன். நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளுக்கும் அண்ணன் அல்லவா.

மே 17
அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த அன்றே எங்களுக்குள் சண்டை. ஜன்னலைத் திற என்கிறார், எனக்குக் குளிர் தாங்கவில்லை. "வந்ததும் அதிகாரமா?" என்றார். "ஆமா, அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

ஜன்னலைப் பாதி திறந்துவைத்தேன். இருவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, போர்வையின் ஒரு முனையை என் மடிக்குத் தள்ளினார்.