உப்பு மறந்த கொத்தமல்லித் துவையல்

அக்கா,

இன்று காலை குரோம்பேட்டை மார்க்கெட்டில் வாங்கிய கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து, வேர் மண்ணை அலசினேன். கை முழுக்க வாசனை. என்னை அறியாமல் எதிரே நீங்கள் இருந்த வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அங்கே இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். முன்பெல்லாம் காய்க்காரர் கொசுறாகப் போட்ட தழைக்கு இப்போது என் கணக்கு நோட்டில் தனி வரி. கேட்டால் சிரிப்பீர்கள்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை ஆரம்பித்த பிறகு உங்களுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. தாளிக்கும் வாடை வந்தாலே குமட்டல். உங்கள் வீட்டுக்காரர் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "உடம்பு இன்னும் இளைச்சா அடுத்த ஊசி போட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்மா" என்று என்னிடம் வந்து கலங்கினார்.

அந்தச் சனிக்கிழமை நீங்களே கேட்டீர்கள். "கொத்தமல்லித் துவையல் அரைச்சுத் தர்றியா? எண்ணெய் வாடை மட்டும் வேணாம்."

எப்போதும் உளுத்தம்பருப்பும் மிளகாயும் வறுத்து, தழையை வதக்கித்தான் அரைப்பேன். அன்று இளங்காம்போடு பச்சையாக, இஞ்சித் துண்டும் துளி புளியும் வைத்து அரைத்தேன். பெருமாளுக்குப் படைக்கும் முன் வாயில் வைத்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாதே. படைத்துவிட்டு, குழைந்த சோற்றில் பிசைந்து எடுத்து வந்தேன். நாலைந்து வாய் சாப்பிட்டீர்கள். பக்கத்தில் இருந்த உங்கள் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நான் ஒரு வாய் வைத்தால், உப்பே போடவில்லை! ஓடி வந்தேன்.

"ஏன்க்கா சொல்லலை?"

"எனக்கு எங்க உப்பு தெரியுது? நாக்கு அட்டை மாதிரி கிடக்கு. வாசனை தெரிஞ்சுது, அதான் உள்ள போச்சு." பிறகு கண்ணைச் சிமிட்டினீர்கள். "உங்க பெருமாளும் ஒண்ணும் சொல்லலையே! உங்க சாமியில ஒருத்தர் உப்பில்லாமதான் சாப்பிடுவாராமே, என்னையும் அவர் பந்தியில உட்கார வச்சிடு." ஒரு ஞாயிறுகூட சர்ச்சுக்குத் தவறாத நீங்கள்!

அதன் பிறகு பல வாரம் அந்தத் துவையல்தான். ஊசியும் போட்டார்கள். நோய் போகவில்லை, ஆனாலும் ஒரு கிறிஸ்துமஸ் கூடுதலாக எங்களோடு இருந்தீர்கள்.

அந்தச் சனிக்கிழமை வரை நீங்கள் பிழைக்க வேண்டுமென்று விளக்கின் முன் நின்று மன்றாடுவேன். அன்று முதல், 'அக்காவுக்கு அடுத்த வேளை பசிக்கணும்' என்று மட்டும் கேட்டேன். இப்போதும் தெரிந்தவர்கள் யார் படுத்தாலும் அதைத்தான் கேட்கிறேன். அதற்கு மேல் கேட்க எனக்கு வரவில்லை, அக்கா.