அவைக் குறிப்பில் விட்டுப்போன சிரிப்பு

அன்பு மகனே,

அந்த அந்நிய மண்ணிலிருந்து உங்கள் படையை எப்போது திரும்ப அழைப்பது என்று இன்று அவையில் ஏழு மணி நேரம் பேசினார்கள். வழக்கம்போல் சுருக்கெழுத்தில் குறித்தது நான்தான். ஒருவர் மார்ச் என்றார், இன்னொருவர் செப்டம்பர் என்றார்.

"பசங்க என்ன, பஸ்ஸையா தவறவிடப்போறாங்க? மெதுவா வரட்டுமே!" என்றார் முன்வரிசை உறுப்பினர். அவையே சிரித்தது.

அப்படிச் சிரித்தால் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று எழுத வேண்டும். முப்பது வருடமாக எழுதுகிறேன். இன்று கை வரவில்லை, விட்டுவிட்டேன். மேலதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார். விளக்கம் எழுதப் பார்த்து மூன்று தாளைக் கிழித்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

என்ன முடிவு என்று அம்மா கேட்டாள். "பேசிட்டிருக்காங்க" என்றேன். துடைத்த ஜன்னலையே மறுபடி துடைக்கிறாள்.

விவாதம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதுவரை பதுங்குகுழியிலிருந்து தலையைத் தூக்காதே.

அப்பா