பாத்தியில் உப்பு பூக்கிற நேரம்

சம்பந்தியம்மா,

இன்றைக்கு மாடியில் வடகம் பிழிந்து போட்டேன். காக்காய் விரட்ட உங்கள் வழிதான். நம் பேத்தி மலரின் வெள்ளை முகமூடியைக் குச்சியில் செருகி நட்டேன். வெந்நீரில் இளக்கி அவள் முகத்தில் அமுத்தி எடுத்த பிளாஸ்டிக் வலை அது. ஆறு வயசு மூக்கும் நெற்றியும் அப்படியே நிற்கிறது. ஒரு காக்காயும் கிட்ட வரவில்லை. ஆஸ்பத்திரிச் சாமானை வீட்டில் வைக்காதே என்று ஊரே சொன்னபோது, "கரண்டுக்கே பயப்படாத முகம், காக்காய்க்கா பயப்படும்?" என்று கேட்டவர் நீங்கள்.

எனக்குப் படிப்பு மூணாவதோடு சரி. ஆனால் எதையும் மறக்கமாட்டேன். என் மகள் கல்யாணப் பந்தியில் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "உப்பில்லாத வீட்டுல பொண்ணெடுத்துட்டமே" என்றீர்கள். நீங்கள் மரக்காணத்து உப்பளக்காரர், நாங்கள் கீழ்புத்துப்பட்டில் ஏர் ஓட்டுகிறவர்கள். பந்தி முழுக்கச் சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கடல் ஊருக்குள் வந்ததற்கு அடுத்த வருஷம் மலருக்குத் தலையில் கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டு, மிச்சம் மீதி வேர் இருந்தால் கருக வேண்டும் என்று கரண்டு வைக்கச் சொன்னார்கள், ரேடியேஷன் என்கிறார்களே அது. என் மகள் கைக்குழந்தையோடு இருந்தாள், மருமகன் அளத்தை விட்டு வர முடியாது. அதனால் நாம் இரண்டு பேரும். காலையில் நீங்கள் மலரோடு மரக்காணத்தில் பஸ் ஏறுவீர்கள், நான் எங்கள் ஸ்டாப்பில் ஏறுவேன். புதுச்சேரி போய்ச் சேரும்வரை நமக்குள் ஒரு வார்த்தை இருக்காது.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். கரண்டைப் பல பக்கமிருந்து, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் விடுகிறார்கள். பிள்ளை அசைந்தால் அது காதுக்கும் படிப்பு ஏறுகிற இடத்துக்கும் போய்விடும். அசையாமல் இருக்கத்தான் முகமூடியை மாட்டி மேசையோடு இறுக்குவார்கள். மலரோ அதைக் கண்டாலே திமிறினாள். தினமும் தூங்க ஊசி. ஊசிக்காக விடியலிலிருந்து பட்டினி. எழுந்தால் வாந்தி. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. "அவளா அசையாம படுத்தா ஊசி வேணாம் பாட்டி" என்றார் டாக்டரம்மா. எப்படி என்று நமக்குத் தெரியவில்லை.

காதுக்குப் பின்னால் தோல் கறுத்து உரிய ஆரம்பித்தது. உப்புத் தண்ணீரில் இறங்குமுன் காலுக்கு எண்ணெய் பூசாமல் நீங்கள் இறங்கமாட்டீர்கள். அதே நினைப்பில் ஒரு நாள் அவள் காதுக்குப் பின்னால் நல்லெண்ணெய் தடவிக் கூட்டி வந்தீர்கள். நர்ஸ் மோந்து பார்த்தே கண்டுபிடித்தார். எண்ணெயோடு கரண்டு வைத்தால் தோல் இன்னும் வெந்துபோகுமாம். துடைத்துச் சுத்தம் பண்ணிவிட்டு, மறுபடி கூப்பிடும்வரை நம் மூன்று பேரையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் விடுவேனா. எண்ணெயில் ஆரம்பித்துச் சாம்பாருக்கு வந்துவிட்டேன். நீங்களும் எங்கள் வீட்டுப் பாயசத்தை இழுத்தீர்கள். உங்கள் குரலுக்கு வராண்டாவே திரும்பிப் பார்த்தது.

நமக்கு நடுவில் மலர் படுத்திருந்தாள். கையை ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு பேரும் சும்மா இருங்க ஆயா. உப்பு பூக்குது."

எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு உடனே புரிந்தது. உப்பு பூக்கிற நேரத்தில் பாத்தி ஓரம் ஓடக் கூடாது, தண்ணீர் கலங்கினால் கல்லுப்பு பொடிந்துவிடும் என்பது உங்கள் வீட்டுச் சட்டம். அவள் நடை பழகியதே அந்த வரப்பில்தான். முந்தானையை எடுத்து முகமூடிபோல மெதுவாக அவள் முகத்தின்மேல் போட்டீர்கள். "காத்து இல்ல கண்ணு. தண்ணி நிக்குது. நீதான் பாத்தி," என்றீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து பஸ்ஸிலும் வீட்டிலும் முந்தானை போட்டு அதே விளையாட்டு. நானும் என் முந்தானையைக் கொடுத்தேன்.

பிறகு ஒரு நாள் ஊசி இல்லாமல் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. கதவைச் சாத்தினார்கள். வெளியே டிவியில் அவள் கால் தெரிந்தது. ஒரு விரல்கூட ஆடவில்லை. நீங்கள் வாயில் ஒதுக்கிய வெற்றிலையை மெல்லவே இல்லை. மறுநாள் பஸ்ஸில் மலர் இட்லி சாப்பிட்டாள். நீங்கள் ஊட்டினீர்கள், நான் தண்ணீர் பிடித்தேன்.

இப்போது அவளுக்கு இரண்டு காதும் கேட்கிறது. கணக்கு கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். அதை டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார். காதுக்குப் பின்னால் முடி முளைக்காத இடத்தைப் பின்னலில் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

நீங்கள் படுக்கையில் கிடந்தபோது நான் வந்தது நலம் விசாரிக்க மட்டுமில்லை. சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடவேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணியிருந்தேன். உங்களுக்கு அப்போதுதான் கண் அயர்ந்திருந்தது. தலைமாட்டில் மலர். நான் வாயைத் திறந்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"சும்மா இரு ஆயா. உப்பு பூக்குது."

உட்கார்ந்துவிட்டேன். மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. நீங்கள் பிறகு கண் திறக்கவே இல்லை.

அந்தக் கேள்வி இன்னும் என்னிடமே இருக்கிறது, சம்பந்தியம்மா. கலக்காமல் வைத்திருக்கிறேன்.