அயனிச் சட்டத்துக்கு இரண்டாம் பூச்சு

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணிலிருந்து மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயினின் வாடை போகவில்லை. இன்று காலை காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் அது மூக்கில் ஏறியது. குடிக்காமல் வைத்துவிட்டேன். உன் வீட்டு வராந்தாவில் நிற்கும் இரண்டு புத்தக அலமாரிகளுக்கும் நேற்றுத்தான் இரண்டாம் பூச்சு அடித்தேன். முதல் பூச்சு நீ அடித்தது. நடுவில் நான்கு மாதம் ஓடிவிட்டது. நீ போயும் நான்கு மாதம்.

நீ கணக்கு வாத்தியார், நான் தபாலாபீஸ்காரன். ரம்பம் பிடித்துப் பழகாத கைகள் இரண்டு பேருக்கும். போன மழைக்கு உன் வீட்டுப் பின்னறையில் கரையான் ஏறியது. உன் மகளின் புத்தகங்கள் இருந்த அட்டைப்பெட்டிகளை நாம் இருவரும்தான் வெயிலுக்குத் தூக்கி வந்தோம். அவள் திருவனந்தபுரத்தில் தன் விருப்பப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டு இரண்டு வருடமாகியிருந்தது. "அவ பேச்சை எங்கிட்ட எடுக்காத" என்று நீ ஒரே ஒரு முறை சொன்னாய். நானும் எடுக்கவில்லை. அன்றும் அவை யாருடைய புத்தகங்கள் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அலமாரி செய்யப்போவதாக மட்டும் சொன்னாய். ஆசாரி வேண்டாம், நாமே செய்வோம் என்றாய்.

அலமாரிப் பெட்டிக்கு பிளைவுட் போதுமென்று உடனே ஒத்துக்கொண்டாய். அதன் வெட்டு விளிம்பை மறைக்க முன்னால் அடிக்கும் சட்டத்துக்குத்தான் உன் மனம் எந்த மரத்திலும் நிற்கவில்லை. நாலு மரத்தின் துண்டுகளை வாங்கி வந்து, ஒரே டப்பா ஸ்டெயினைப் பூசி, மதில்மேல் காயவைத்தாய். மாமரம் தேமல் விழுந்ததுபோல் திட்டுத்திட்டாக நின்றது. பலா அப்போது அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாளாக நாளாகத் தானே கறுத்துக்கொண்டு போகும் என்று ஒதுக்கினாய். ரப்பர் மரம் ஒரே சீராக நிறம் பிடித்திருந்தது. அதுவே போதுமென்று நான் வாதாடினேன்.

"அடிச்ச அன்னைக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும் மக்கா. பத்து வருசம் கழிச்சும் இருக்கணும்லா" என்றாய். அறுபத்தெட்டு வயதில் இவன் யாருக்காகப் பத்து வருடம் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மீதி இருந்தது அயனி. அதற்காகக் களியக்காவிளை மரக்கடைக்குப் போனோம். பஸ்ஸில் செய்தித்தாள் சுற்றிய ஏதோ ஒன்றை மடியில் வைத்திருந்தாய். கடையில் பிரித்தபோதுதான் தெரிந்தது, மேசை இழுப்பறை. மகள் பள்ளிக்கூட நாளில் படித்த மேசையினுடையது. உள்ளே அவள் பெயரும் வகுப்பும் மையால் எழுதியிருந்தது. பழைய அயனி, முற்றிய தேன்நிறம். அதை ஒவ்வொரு பலகையோடும் சேர்த்துவைத்து நிறம் பார்த்தாய். கடைக்காரர் பொறுமையிழந்து, ஸ்டெயின் அடித்தால் எல்லாம் ஒன்றுதான் என்றார். ஒரே மரத்தின் தடியில் அறுத்த பலகைகள்தான் வேண்டும், இரண்டு அலமாரிக்கும் ஒரே ரேகை ஓட வேண்டும் என்று நீ பிடிவாதமாக நின்றாய். திரும்ப பஸ்ஸுக்கு நின்றபோது திருவனந்தபுரம் போகும் வண்டி ஒன்று கிளம்பிற்று. அது கண்மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய்.

இனிச் சொல்வதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

அந்த வாரமே உன் மகள் எனக்குப் போன் செய்தாள். "அப்பாவைப் பாக்க வரட்டா மாமா?" என்று கேட்டாள். நான் அப்போதே எழுந்து உன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அலமாரி முடியட்டும், ரெண்டு வாரம் பொறு, நானே கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். அலமாரி முழுக்க அவள் புத்தகங்கள், முன்னால் நீ, வாசலில் அவள் என்று மனதுக்குள் ஒரு காட்சி கட்டியிருந்தேன். அது மட்டுமல்ல, உன் கோபத்துக்கும் பயந்தேன். ஒன்பதாம் நாள் காலையில் உனக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அடக்கத்தன்று அவள் கல்லறைத் தோட்டத்து வாசலருகே தன் கணவனோடு நின்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேற்று வந்தாள், வீட்டுச் சாமான்களை ஒதுங்கவைக்க. நான் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது என்ன மரம், யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டாள். பிரஷைக் கீழே வைத்தேன். இழுப்பறையை நீ களியக்காவிளைக்குச் சுமந்ததைச் சொன்னேன். அவள் போன் செய்ததை உன்னிடம் நான் சொல்லவேயில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை, அழவுமில்லை. உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். வந்தவள் கேட்டது ஒன்றுதான்.

"நீங்க சொல்லியிருந்தா, அப்பா என்னை வரச் சொல்லியிருப்பாவளா மாமா?"

"சொல்லியிருப்பான் மக்களே" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்.

ஐம்பது வருடப் பழக்கத்தில் உனக்காக நான் பதில் சொன்னது இதுதான் முதல்முறை. அது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் அதை நம்பிவிட்டாள். இனி அவளைப் பார்க்கும்போதெல்லாம் நானும் அதை நம்பித்தான் ஆகவேண்டும்.