முதலாளி மகன் என்ன படிக்கிறான்

பரளச்சி
17-6-1973

அன்புள்ள மகன் மாரிச்சாமிக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பூனாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோடை மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது, காட்டில் ஓர் உழவுகூட ஓட்டவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

திருச்சுழி உக்கிரபாண்டி வீட்டுச் சம்பந்தம் தட்டிப்போய்விட்டது. பெண் கொடுக்கிற எண்ணத்தோடுதான் வந்தார்கள். அவரும் உன்னைப் போலவே, கோயமுத்தூரில் ஓட்டல் மேனேஜராக இருந்து திரும்பியவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உன் சம்பளத்தை அவர் கேட்கவில்லை. "முதலாளிக்கு மகன் இருக்கானா வாத்தியாரய்யா, என்ன படிக்கிறான்?" என்றுதான் கேட்டார். ஆயுள் முழுக்க நான் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி, எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நீ எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன், பி.காம். கடைசிப் பரீட்சை எழுதியிருக்கிறான், கணக்கில் கெட்டிக்காரன், லீவில் கல்லாவில் உட்காருகிறான், எங்கள் பையன்தான் பக்கத்தில் இருந்து எல்லாம் பழக்கிவிடுகிறான் என்றேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப சீக்கிரமே ஒங்க மகன் ஊருக்கு வந்துருவாருன்னு சொல்லுங்க" என்றார். அம்மா கல்யாணத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமாமா, லீவு போட்டு வந்துருவான்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. "நானும் முதலாளி மகனுக்குத் தொழில் பழக்கிவிட்டவன்தான் தாயி. அண்ணே அண்ணேன்னு உசுரா இருப்பான். என்னைய வேலைய விட்டு அனுப்புன அன்னைக்கும் அண்ணேன்னுதான் சொன்னான்" என்றார். இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு பருத்திக் கடையில் மூட்டை எடை பார்க்கிறாராம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு எண்ணிப் பார்த்தேன். வானம் பார்த்த இந்தப் பக்கத்திலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஓட்டலுக்குப் போன என் மாணவர்கள் கொஞ்சம் பேரா? முதலில் சர்வர், பிறகு சூபர்வைசர், பிறகு மேனேஜர் என்று பேர் ஏறிக்கொண்டே போனது, உட்காருகிற நாற்காலி மட்டும் கடைசிவரை முதலாளியுடையதாகவே இருந்தது. உதாரணத்துக்கு நம் இருளப்பசாமி, நாற்பத்திரண்டு வயதில் சேலத்திலிருந்து பெட்டியோடு வந்து நிற்கிறான், முதலாளி மருமகன் வந்துவிட்டாராம். அவனோடு அதே ஓட்டலுக்குப் போன கோட்டைச்சாமி, எட்டாவதைத் தாண்டாதவன், அடுப்படியில் சேர்ந்தான். அவனை யாரும் அனுப்பவில்லை. அனுப்பினாலும் எதிர்த்த ஓட்டல்காரன் கூப்பிட்டுக்கொள்வான். அவன் கைப்பக்குவம் அவனோடு போகும். மேனேஜருக்கு இருப்பது முதலாளியின் நம்பிக்கை ஒன்றுதான், மகன் வளர்ந்ததும் அது மகனிடம் போய்விடுகிறது. இது யாருக்கும் அநியாயமாகத் தெரிவதில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. உன்னைப் படிக்கச் சொல்லி அடித்தவன் நான்.

கோபத்தில் வேலையை விட்டுவிடாதே. காலையில் கல்லாவுக்கு வருமுன் அடுப்படியில் பலகாரம் போடுகிற சரக்கு மாஸ்டர் பக்கத்தில் போய் நில், மாவுப் பதமும் எண்ணெய்ப் பதமும் பார்த்துப் பழகு. மேனேஜர் கரண்டி பிடிக்கலாமா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். முதலாளி மகனிடம் முகம் கோணாதே, அவன் மேல் தப்பில்லை.

உனக்கென்று ஒரு குடும்பமும் நிலைத்த பிழைப்பும் அமைந்து நீ நெடுநாள் வாழ வேண்டும், அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள். அந்தப் பையனின் பரீட்சை முடிவு வந்ததும் மறக்காமல் எழுது. ஒரு பிள்ளை தேறாமல் போகட்டும் என்று நான் நினைப்பது இதுதான் முதல் தடவை.

உன் அப்பா
சங்கையா