பின்சீட்டுக்கும் ஏர்பேக் வேண்டும்

அய்யா,

மீன்குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. கார் ஷோரூம் ஆள் வந்தால் பேஸ் மாடலுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். டாப் மாடலுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு, வண்டியை விற்கும்போது திரும்பாது என்கிறீர்கள். சரிதான். ஆனால் பேஸ் மாடலில் பின்சீட்டுக்கு ஏர்பேக்கே கிடையாது. "ஓட்டத் தெரிஞ்சவனுக்கு அது எதுக்குடி?" என்று சிரிக்கிறீர்கள். நீங்கள் நீந்தத் தெரியும் என்று லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படகில் தூங்குகிற ஆள்தானே!

நேற்று ஓட்டிப் பார்த்தபோது தம்பி பாம்பன் பாலத்தில் பஸ்ஸை முந்தினான். நீங்கள் கைதட்டினீர்கள். நான் பின்சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இனி அங்கே உட்காரப் போவது அம்மா.

ராத்திரி இதற்காக உங்களிடம் கத்தியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

உங்கள் மகள் ஜெனோவா

பி.கு.: நான் பயந்ததை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் எந்த மாடல் வாங்கினாலும் ஏற மாட்டாள்.